மின்னோட்டத்திற்குப் பெயர் தந்த ஆம்பியர்

விளக்குக்கு 5 ஆம்ப் பிளக், அயர்ன் பாக்ஸுக்கு 15 ஆம்ப் பிளக் என்று நம் வீட்டுச் சுவரில் எலக்ட்ரீஷியன் பொருத்துகிறார். இந்த 'ஆம்ப்' என்பது ஒரு மனிதருடைய பெயர் என்று நம்மில் எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருப்போம்? அந்த்ரே மரி ஆம்பியர் என்னும் அவர் பிரான்சு நாட்டுக் கத்தோலிக்கர். செபமாலையும் கையுமாக ஆலயத்தில் முழந்தாளிட்டவர்; பல ஆண்டுகள் நம்பிக்கையை இழந்து தவித்தவரும் அவரே. அறிவியல் பாடநூல்கள் அவருடைய விதியைச் சொல்லிவிட்டு மனிதரை விட்டுவிடுகின்றன. நம்முடைய பக்தி நூல்களோ அந்தத் தவிப்பின் ஆண்டுகளை மறைத்துவிட்டு, விசுவாசத்திற்குக் கிடைத்த வெற்றிக் கேடயமாக அவரைத் தூக்கிக் காட்டுகின்றன. இரண்டுமே அவருக்கு நியாயம் செய்வதாக எனக்குத் தோன்றவில்லை.

1775-ஆம் ஆண்டு சனவரி 20-ஆம் நாள் லியோன் நகரில் ஆம்பியர் பிறந்தார். வளர்ந்தது அருகிலிருந்த பொலெமியு என்ற சிற்றூரில். தந்தை வணிகர், தாய் ஆழ்ந்த இறைப்பற்று உள்ளவர். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. வீட்டு நூலகத்தைத் திறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். கலைக்களஞ்சியத் தொகுதிகளைச் சிறுவன் படித்துத் தள்ளினான். ஆய்லர், பெர்னூலி ஆகியோரின் கணித நூல்கள் இலத்தீனில் இருந்ததால், அவற்றைப் படிப்பதற்காகவே இலத்தீன் கற்றுக்கொண்டான்.

பின்னர் புரட்சி வந்தது. 1793-இல் லியோன் நகரம் பாரிசின் புரட்சி அரசை எதிர்த்து எழுந்து, முற்றுகைக்குள்ளாகி வீழ்ந்தது. அம்மாதங்களில் நகரின் நீதிபதியாக இருந்த தந்தை சிறைப்படுத்தப்பட்டு, நவம்பர் 24 அன்று கில்லட்டினில் கொல்லப்பட்டார். சிறையிலிருந்து மனைவிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில், தம் மகனிடமிருந்து தாம் எதிர்பார்க்காதது எதுவுமில்லை என்று அவர் குறிப்பிட்டிருந்தார். மகனுக்கு வயது 18. ஏறக்குறைய ஓராண்டுக் காலம் அவர் எதையும் படிக்கவில்லை. யாரிடமும் சரியாகப் பேசவில்லை. செடி கொடிகளைப் பற்றிய ஒரு நூலும் இலத்தீன் கவிதைகளும்தான் அவரை மெல்ல மெல்ல வெளியே கொண்டு வந்தன.

1799-இல் ஜூலி கரோன் என்ற பெண்ணை மணந்தார். மறு ஆண்டு ஒரு மகன் பிறந்தான். அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. ஜூலி நோயில் விழுந்தார். பிழைப்புக்காக 1802-இல் ஆம்பியர் மனைவியையும் குழந்தையையும் லியோனில் விட்டுவிட்டு, பூர் என்ற ஊருக்கு இயற்பியல், வேதியியல் ஆசிரியராகச் சென்றார். நோயாளி மனைவியை ஊரில் விட்டுவிட்டு வெளிநாட்டில் உழைக்கும் நம் குடும்பத் தலைவர்களுக்கு இந்த வேதனையை விளக்கத் தேவையில்லை. 1803 சூலை 13 அன்று ஜூலி இறந்தார். அன்று ஆம்பியர் தம் குறிப்பேட்டில் திருப்பாடல் வசனங்களை எழுதி, இவ்வுலகில் அன்பு செய்யத் தமக்கு அருளப்பட்டவர்களோடு விண்ணகத்தில் தம்மை இணைத்தருளும்படி ஒரு மன்றாட்டையும் எழுதினார்.

இதன்பின் அவர் பாரிசுக்குச் சென்று எக்கோல் பொலிதெக்னிக் கல்லூரியில் பணியேற்றார். 1806-இல் செய்த இரண்டாம் திருமணம் இரண்டே ஆண்டுகளில் முறிந்தது. அதில் பிறந்த மகள் ஆல்பினைத் தாமே வளர்த்தார். லியோனில் இருந்தபோது நண்பர்களோடு கிறிஸ்தவச் சங்கம் ஒன்றை நிறுவியவர், பாரிசில் ஐயங்களில் மூழ்கிப்போனார். இந்த இருள் பல ஆண்டுகள் நீடித்தது. லியோனில் இருந்த நண்பர் பிரெதேனுக்கு எழுதிய கடிதங்களில் இந்தப் போராட்டம் தெரிகிறது. 1817-ஐ ஒட்டித்தான் அவர் மீண்டும் திருஅவையின் வாழ்வுக்குத் திரும்பினார். அவரைத் திருப்பியது எந்த அறிவியல் கண்டுபிடிப்பும் அல்ல. அவருடைய பெரிய கண்டுபிடிப்பு அதற்குப் பிறகுதான் வந்தது.

அதைப் புரிந்துகொள்ள மின்னூட்டம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். சீப்பை உலர்ந்த தலைமுடியில் தேய்த்தால் காகிதத் துண்டுகளை இழுக்குமே, அது ஓரிடத்தில் தங்கி நிற்கும் மின்னூட்டம். ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும், எதிர் மின்னூட்டங்கள் ஈர்க்கும். இந்த விசையை 1785-இல் கூலோம் அளந்து காட்டினார். 1800-இல் வோல்ட்டா மின்கல அடுக்கை உருவாக்கியதும், மின்னூட்டத்தைக் கம்பி வழியே இடைவிடாமல் ஓடச் செய்ய முடிந்தது. ஆனால் மின்சாரம் வேறு, காந்தம் வேறு என்றே அறிஞர்களில் பலர் நினைத்தார்கள். 1820-இல் கோப்பன்கேகனில் ஓர்ஸ்டெட், மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே திசைகாட்டி முள் திரும்புவதைக் கண்டார். அச்செய்தியை அராகோ செப்டம்பர் 4 அன்று பாரிஸ் அறிவியல் கழகத்திற்குத் தெரிவித்து, 11-ஆம் நாள் செய்தும் காட்டினார். ஒரே வாரத்தில், 18-ஆம் நாள், ஆம்பியர் தம் முதல் கட்டுரையோடு அங்கு நின்றார்.

கம்பியில் ஓடும் மின்சாரம் காந்தத்தைத் திருப்புமானால், காந்தமே இல்லாமல் இரண்டு கம்பிகள் மட்டும் இருந்தால் என்ன ஆகும்? இதுதான் அவர் கேட்ட கேள்வி. அடுத்த வாரமே விடையைக் கழகத்தில் காட்டினார். அருகருகே இணையாக உள்ள இரு கம்பிகளில் ஒரே திசையில் மின்சாரம் ஓடினால் அவை ஈர்க்கும். எதிர்த்திசையில் ஓடினால் விலக்கும். நிற்கும் மின்னூட்டங்களில் ஒத்தவை விலக்குகின்றன, ஓடும் மின்சாரத்திலோ ஒத்தவை ஈர்க்கின்றன! (இதை வைத்து ஒரு மறையுரை செய்துவிடலாம் என்று கை துறுதுறுக்கிறது; இயற்பியல் அதற்காக ஏற்பட்டதன்று, விட்டுவிடுகிறேன்.)

மேல்நிலைத் தொட்டியில் நீர் இருக்கும் உயரம் ஒன்று, குழாயில் ஓடும் நீரின் அளவு இன்னொன்று. அதுபோல மின்னழுத்தம் வேறு, மின்னோட்டம் வேறு என்று தெளிவாகப் பிரித்துக் காட்டியவரும் ஆம்பியரே. முள் எந்தப் பக்கம் திரும்பும் என்பதற்கு ஓர் எளிய வழியும் சொன்னார்: முள்ளைப் பார்த்தபடி கம்பியோடு ஒரு மனிதர் படுத்திருப்பதாகவும், மின்சாரம் அவர் காலில் நுழைந்து தலைவழி வெளியேறுவதாகவும் வைத்துக்கொள்ளுங்கள், முள்ளின் வடமுனை அவருடைய இடக்கைப் பக்கம் திரும்பும்.

அந்நாட்களில் அவர் வீட்டில் ஒரு விருந்தாளி தங்கியிருந்தார். அவர் பெயர் பிரெனெல், சாலை, பாலப் பொறியாளர், காசநோயால் நலிந்தவர். ஒளி என்பது துகள் அன்று, அலை என்று நிறுவப் பாடுபட்டவர். கலங்கரை விளக்கங்களில் படிப்படியாக வெட்டியது போலிருக்கும் கண்ணாடி வில்லை அவர் தந்ததே. அவருக்கும் ஆம்பியருக்கும் நடந்த கொடுக்கல் வாங்கல் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கயிற்றை உதறினால் அலை முன்னே போக, கயிறு பக்கவாட்டில் ஆடுகிறதல்லவா? ஒளி அலையும் அப்படி ஆடலாமே என்று 1816-இல் பிரெனெலுக்குச் சொன்னவர் ஆம்பியர். காந்தத்தின் ஒவ்வொரு நுண்துகளையும் சுற்றிச் சிறு மின்னோட்டம் ஓடுவதாகக் கொள்ளலாமே என்று ஆம்பியருக்குச் சொன்னவர் பிரெனெல். ஒளியும் மின்சாரமும் ஒரே குடும்பம் என்று அந்த வீட்டில் இருவருக்குமே தெரியாது. 1860-களில் மாக்ஸ்வெல் ஆம்பியரின் விதியோடு ஓர் உறுப்பைச் சேர்த்துக் கணக்கிட்டபோதுதான், ஒளியே ஒரு மின்காந்த அலை என்பது தெரிய வந்தது. அவர் ஆம்பியரை நியூட்டனுக்கு இணையாக வைத்துப் போற்றினார். 1881-இல் பாரிசில் கூடிய மின்னியல் மாநாடு மின்னோட்டத்தின் அலகுக்கு ஆம்பியரின் பெயரைச் சூட்டியது. 2019 முதல் அந்த அலகு எலக்ட்ரானின் மின்னூட்டத்தைக் கொண்டு வரையறுக்கப்படுகிறது. ஓர் ஆம்பியர் ஓடும் கம்பியின் ஓரிடத்தை ஒரு நொடியில் கடக்கும் எலக்ட்ரான்கள் சுமார் 62,400 கோடி கோடி.

அவருடைய மறதியைப் பற்றிக் கதைகள் ஏராளம். நின்றிருந்த குதிரை வண்டியின் பின்புறத்தைக் கரும்பலகையாக எண்ணிக் கணக்குப் போட்டாராம். வண்டி கிளம்பவும் கணக்கும் போய்விட்டதாம்.

பிரெனெல் 1827-இல் இறந்தார். 1831-இல் லியோனிலிருந்து 18 வயது மாணவர் ஒருவர் பாரிசுக்கு வந்து, ஆம்பியர் வீட்டில் தங்கினார். அவர்தான் பிரெடெரிக் ஓசானாம். ஆலயத்தின் ஒரு மூலையில் அம்மேதை செபமாலை சொல்லிக்கொண்டிருந்ததைக் கண்டு ஓசானாமின் ஐயங்கள் அகன்றன என்று பலரும் எழுதுகிறார்கள். ஓசானாமின் ஐயங்களை லியோனிலேயே அவருடைய மெய்யியல் ஆசிரியரான நுவாரோ என்ற குருவானவர் தீர்த்துவைத்திருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுவதே முறை. ஆயினும், அறிவும் செபமும் ஒரே வீட்டில் வாழ்வதை அந்த இளைஞர் அன்றாடம் பார்த்தார். 1833 ஏப்ரல் 23 அன்று நண்பர்களோடு சேர்ந்து ஏழைகளைச் சந்திக்கப் புறப்பட்டார். நம் பங்குகளில் ஞாயிறு தோறும் கூடும் வின்சென்ட் தே பவுல் சபையின் தொடக்கம் அதுவே. 1997-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளர் நிலைக்கு உயர்த்தினார்.

ஆம்பியரின் இறுதி ஆண்டுகளிலும் துன்பம் குறையவில்லை. ஆல்பினின் திருமண வாழ்வு குடிகாரக் கணவரால் சீரழிந்தது. அந்தச் சுமை தந்தையையும் அழுத்தியது. உடல் நலிந்த நிலையிலும் கல்வி ஆய்வாளர் பணிக்காகப் பயணம் செய்தார். 1836-இல் அப்படிப் போன இடத்தில், மார்சேய் நகரில், காய்ச்சலில் விழுந்தார். படுக்கையருகே ஒருவர் 'கிறிஸ்துநாதர் அநுசாரம்' நூலை வாசிக்க முன்வந்தபோது, அது தமக்கு மனப்பாடம் என்று சொல்லிவிட்டாராம். சூன் 10 அன்று உயிர் பிரிந்தது. வயது 61. அங்கேயே அடக்கம் செய்யப்பட்ட அவர் உடலை 1869-இல் எடுத்துச் சென்று, பாரிசின் மோன்மார்த்ர் கல்லறைத் தோட்டத்தில் மகனின் அருகே வைத்தார்கள்.