வொல்ஃப்காங் லங்கோஃப்: பதின்மூன்று மாதச் சிறையும் ஒரு சாட்சியமும்

நாம் வாழும் டுசல்டோர்ஃப் நகரின் நாடக அரங்கில் 1928 முதல் நடித்துப் பெயர் எடுத்தவர் வொல்ஃப்காங் லங்கோஃப். 1901 ஒக்டோபர் 6 அன்று பெர்லினில் பிறந்தவர். கம்யூனிஸ்ட் கட்சிக்காரரான அவர், தொழிலாளர் மத்தியில் அரசியல் நாடகம் போடும் குழு ஒன்றையும் அமைத்து நடத்தினார். அந்தக் குழுவில் நடித்த கறுப்பின இளைஞர் ஹிலாரியுஸ் கில்கெஸ் 1933 ஜூனில் நாசிகளால் கொல்லப்பட்டார். டுசல்டோர்ஃப்பில் இன்று ஒரு சதுக்கம் அவர் பெயரில் இருக்கிறது.

லங்கோஃப் அதற்கு முன்பே சிறைக்குப் போய்விட்டார். 1933 பெப்ரவரி 27 இரவு பெர்லின் நாடாளுமன்றம் தீப்பற்றியது. மறுநாளே அவசரகாலச் சட்டம் வந்தது. அன்றே அவர் கைதானார். வழக்கு இல்லை, தீர்ப்பு இல்லை. 1979 இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைக் கண்ட நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

டுசல்டோர்ஃப் சிறையில் அடியும் உதையும் பட்டபின், நெதர்லாந்து எல்லைப் பக்கமாக உள்ள பியோகர்மூர் வதைமுகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். கைதிகளுக்கு அங்கே சதுப்பு நிலத்தை மண்வெட்டியால் வெட்டித் திருத்தும் வேலை. மனம் உடைந்திருந்த தோழர்களை நிமிர்த்த, 1933 ஓகஸ்ட் 27 அன்று லங்கோஃப் முகாமுக்குள்ளேயே ஒரு கலைநிகழ்ச்சி நடத்தினார். சுரங்கத் தொழிலாளி யோகான் எஸ்ஸர் எழுதிய வரிகளை லங்கோஃப் திருத்தி அமைக்க, ரூடி கோகெல் இசை போட, 'சதுப்பு நிலப் படைவீரர்கள்' என்ற பாடல் அங்கே முதன்முதலாகப் பாடப்பட்டது. காவலர்களும் சேர்ந்து பாடினார்கள். இரண்டு நாளில் பாடல் தடைசெய்யப்பட்டது. ஆனாலும் அது முகாம் முகாமாகப் பரவி, ஸ்பெயின் உள்நாட்டுப் போரின் களம் வரை போனது.

1934 இல் விடுதலையான அவர், சில மாதங்களில் சுவிற்சர்லாந்துக்குத் தப்பிச் சென்றார். சூரிச் நாடக அரங்கு வேலை கொடுத்தது. 1935 இல் தன் பதின்மூன்று மாதச் சிறைவாழ்வைச் சொந்தப் பெயரிலேயே நூலாக்கினார். அரசியல் கலவாத உண்மை அறிக்கை என்று அதற்குத் துணைத்தலைப்பு இட்டார். எந்த இடத்தில், என்ன நடந்தது என்பதை மிகைப்படுத்தாமல் சொன்னதால், வதைமுகாம்களைப் பற்றி நம்ப மறுத்தவர்களும் அதைப் படித்தார்கள். பல மொழிகளுக்கும் அது போனது.

1945 இல் டுசல்டோர்ஃப்புக்குத் திரும்பி நாடக அரங்குகளின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1946 முதல் 1963 வரை கிழக்கு பெர்லினின் டொய்ச்செஸ் தியேட்டரை நடத்தினார். கதை இங்கே முடிந்திருந்தால் நமக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அகதி வாழ்வில் ஓர் அமெரிக்கரோடு வைத்திருந்த தொடர்பைக் காரணம் காட்டி, 1950 இல் அவருடைய சொந்தக் கட்சியே அவரைப் பதவிகளிலிருந்து நீக்கியது. பின்னர், பீட்டர் ஹக்ஸின் நாடகம் ஒன்றை 1962 இல் மேடையேற்றியதற்காகக் கட்சி அவரைக் கண்டித்தது. ஹிட்லரின் முகாமில் பணியாத அந்த மனிதர், பகிரங்கமாகத் தன்னையே குற்றம் சொல்லி எழுதிவிட்டு அரங்கை விட்டு விலகினார். 1966 ஓகஸ்ட் 25 அன்று காலமானார்.

அவரைக் குறைசொல்ல நாம் இதை எழுதவில்லை. எதிரி செய்த கொடுமையை எழுதத் துணிவு வேண்டும். நம்மவர் செய்த பிழையை எழுத அதைவிடக் கூடுதலான துணிவு வேண்டும். கணக்குத் தொழிலில் இருக்கும் நமக்குத் தெரிந்ததுதான்: பற்றுப் பக்கத்தை மட்டும் எழுதிப் பேரேட்டை மூட முடியாது.

நம் வீடுகளில் சிறை கண்டவர்கள், முகாம் கண்டவர்கள் முதுமையடைந்து வருகிறார்கள். பிள்ளைகள் கேட்டால் பேச்சை மாற்றுகிறோம். லங்கோஃப் வெளியே வந்த அடுத்த ஆண்டே எழுதினார். நாம் தசாப்தங்களைக் கடத்திவிட்டோம். ஒரு கொப்பியும் பேனையும் எடுத்து, இடம், திகதி, நடந்தது என்று எழுதத் தொடங்குவோம். இரண்டு பக்கத்தையும் எழுதுவோம்.