வேண்டுதலைப் பாட்டாக்கிய தஞ்சைக் கவிராயர்

தமிழின் முதற் புதினத்தை யாத்த மாயூரம் வேதநாயகம் பிள்ளையையும் தஞ்சை வேதநாயக சாத்திரியாரையும் ஒருவரென்றே எண்ணித் தேர்வுத்தாளில் எழுதும் மாணவர்களை ஆண்டுதோறும் காண்கிறேன். பிள்ளையவர்கள் 1826இல் பிறந்தபோது சாத்திரியாருக்கு ஐம்பத்திரண்டு வயது. அதற்குள் அவர் புகழின் உச்சியையும் கண்டிருந்தார். பகையின் தொடக்கத்தையும் கண்டிருந்தார். பாவலர் கூடும் நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் அவரை நினைப்பது பொருந்தும். நாள்தோறும் செய்யும் வேண்டுதலைத் தமிழ்ப் பாட்டின் வடிவங்களுக்குள் கொண்டுவந்தவர் அவர்.

சாத்திரியார் 1774 செப்டம்பர் 7ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். தந்தை தேவசகாயமும் புலவரே. சிறுவனின் கூரிய அறிவைக் கண்ட செருமானியத் தொண்டர் சுவார்ட்சு, அவனைப் பன்னிரண்டு வயதளவில் தஞ்சைக்கு அழைத்துச் சென்று தம் பொறுப்பில் வளர்த்தார். பின்னாளில் அரியணை ஏறிய இளவரசர் சரபோசியும் அதே பெரியவரின் காப்பில் இருந்தவர். வேதநாயகம் தரங்கம்பாடிக்குச் சென்று இறையியலோடு வானநூலும் உடற்கூற்றியலும் கற்றார். ஏறத்தாழ இருபது வயதில் தஞ்சைப் பள்ளியின் தலைமையாசிரியரானார். 1798இல் சுவார்ட்சு மறைந்தார். அதே ஆண்டில் சரபோசி மன்னரானார்.

அந்நாளில் கிறித்தவத் தொழுகைப் பாடல்களிற் பல செருமானிய மெட்டிலேயே ஒலித்தன. சொல் தமிழ், மூச்சு வேறு. சாத்திரியாரோ மக்கள் வாயில் வழங்கிய வடிவங்களை ஒவ்வொன்றாகக் கையிலெடுத்தார். குறவஞ்சிக்குப் பெத்லகேம் குறவஞ்சி, நொண்டி நாடகத்துக்கு ஞான நொண்டி நாடகம், நீர் இறைப்போர் பாட்டுக்கு ஞான ஏத்தப்பாட்டு, பெண்கள் கைகொட்டி ஆடும் ஆட்டத்துக்குச் சாத்திரக் கும்மி என அப்பட்டியல் நீளும். அமராவதிக் கரையில் பம்புசெட்டு வருமுன் கவலை ஓட்டியோர் பாடிய பாட்டைக் கேட்ட முதியோர் நம்மிடையே உண்டு. கும்மியோ கொங்கு நாட்டுத் திடல்களில் இன்றும் அடிக்கப்படுகிறது. உழைப்பின் நடுவே, கை ஓயாதபோதும் மனம் இறைவனிடம் இருக்க வேண்டுமானால் வேண்டுதலுக்கும் அந்த உழைப்பின் தாளமே வேண்டும். இதனை அவர் உணர்ந்திருந்தார் என்பதற்கு அவ்வடிவங்களே சான்று. செபமாலை என்றே பெயரிட்டு அவர் ஒரு நூல் செய்ததும் இந்நோக்கினாலேயே எனலாம்.

பெத்லகேம் குறவஞ்சியைச் சிற்றிலக்கியம் பயில்வோர் மீண்டும் படிக்க வேண்டும். உலா வரும் தலைவர் கிறித்து. காதலுறும் தலைவி தேவமோகினி. குறி சொல்லும் குறத்தி நம்பிக்கையின் உருவம். குறத்தி மலைவளம் நாட்டுவளம் பாடும் இடத்தில் சாத்திரியார் தாம் கற்ற நிலநூலையும் வானநூலையும் பாடிவிடுகிறார். சூரியனைக் கோள்கள் சுற்றும் செய்தி ஒரு தமிழ்க் குறவஞ்சியில் இடம்பெறுவது வியப்புக்குரியது. பக்தியும் அறிவியலும் அவருக்குப் பகையாகத் தோன்றவில்லை.

சரபோசியின் அவை கலைக்குப் புகலிடமாக இருந்தது. அங்கே சிவக்கொழுந்து தேசிகர் சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பாடினார். சாத்திரியாரையும் பிற தெய்வத்தின்மேல் பாடுமாறு மன்னர் கேட்டார் என்றும், அவர் பணிவுடன் மறுத்து வீடு திரும்பினார் என்றும் திருச்சபைகளில் வழிவழியாகச் சொல்வர். மறுத்தவரை மன்னர் வெறுக்கவில்லை என்பதைப் பிந்தைய நிகழ்வுகள் காட்டுகின்றன.

பகை வந்தது அரண்மனையிலிருந்தன்று, சொந்தத் திருச்சபையிலிருந்து. 1820களில் வந்த புதிய தலைமுறை மிசனரிமார் பலவற்றை மாற்ற முற்பட்டனர். பப்ரிசியுவின் விவிலிய மொழிபெயர்ப்பைத் திருத்தினர். திருவிழாவிலும் மணத்திலும் பூக்களைத் தடுத்தனர். தமிழிசைப் பாடல்களை விலக்கினர். திருவிருந்தில் சாதி வேறுபாடின்றி அமரவேண்டும் என்றனர். இந்நான்கையும் கொடுமைகள் என்றே சாத்திரியார் எழுத்தில் எதிர்த்தார். முதல் மூன்றில் அவர் பக்கம் நிற்க எனக்குத் தயக்கமில்லை. பூவும் பண்ணும் இல்லாத வழிபாட்டில் தமிழர் எங்ஙனம் ஒன்றுவர்? நான்காவதில் அவரோடு நிற்க இயலவில்லை. ஓர் அப்பத்தைப் பகிரும் பந்தியிலும் தனியிடம் கேட்ட வேளாண் குலப் பெருமிதத்தை, அவர்தம் பாடல்களின் இனிமை கருதி மறைத்து எழுதுவது ஆய்வறமாகாது. இறைவனை முழுதும் நம்பிய நெஞ்சு, உடன் பிறப்பாய் அமர வேண்டியவனை நம்பத் தயங்கியது. இவ்விரண்டும் அவரிடம் இருந்தன.

இப்பூசலின் முடிவில், 1829 அளவில், அவர் திருச்சபைப் பணியை இழந்தார். ஆதரித்தவர் சரபோசி. எந்த மன்னரின் தெய்வத்தைப் பாட மறுத்தாரோ அந்த மன்னரே சோறிட்டார்! 1832இல் சரபோசி மறைந்தபின் அந்த நிழலும் குறைந்தது. அறுபதைத் தொடும் வயதில் பதவியும் பொருளும் இன்றி நின்றவர், பாடுவதை மட்டும் நிறுத்தவில்லை. ஊர்தோறும் குடும்பத்தோடு சென்று பாட்டும் உரையுமாகக் கதை நிகழ்த்தினார். அன்றாட உணவுக்கான வேண்டுதல் அவருக்கு வெறும் மனப்பாடமாக இருந்திருக்க முடியாது.

காலம் ஒரு திருத்தம் செய்தது. மதுரை அமெரிக்க மிசனைச் சேர்ந்த எட்வர்டு வெப்பு, தமிழ்ச் சபைக்குத் தமிழ் மெட்டே வேண்டும் என்று தெளிந்து முதிய சாத்திரியாரை நாடினார். 1853இல் வெப்பு வெளியிட்ட கீர்த்தனைத் தொகுப்பில் சாத்திரியாரின் பாடல்கள் பல இடம்பெற்றன. தடுக்கப்பட்ட பாடல்கள் தொழுகைப் புத்தகமாயின. அவற்றை இன்று சபைப் பிரிவு பாராமல் பாடுகின்றனர். விடியலில் மடத்துக்குளத்திலிருந்து திருப்பூர்ப் பக்கம் பின்னலாடை வேலைக்குச் செல்லும் பெண்ணொருத்தி, பேருந்தின் சன்னலோரம் கண்மூடி அவற்றுளொன்றை முணுமுணுக்கக் கேட்டிருக்கிறேன். யார் பாடல் என்று அவளுக்குத் தெரிந்திராது.

தொண்ணூறாம் அகவை நடக்கையில், 1864 சனவரி 24ஆம் நாள், சாத்திரியார் மறைந்தார். அவர் வழியினர் தலைமுறை தலைமுறையாக அவருடைய பாடல்களைப் பாடிவந்தனர்.