நாடு கிட்டுமுன் எழுந்த பொக்கிஷம்

காசடித்தலும் தபால் தலை வெளியிடலும் மண்ணாளும் அரசுக்கே உரியவை. மண் கைக்கு வருமுன்பே இவற்றில் முனைந்த சர்க்காரின் தலைவர் ஸ்ரீ சுபாஷ் சந்திர போஸ்.

அவர் 1897 ஜனவரி 23ந் தேதி கட்டாக் நகரில், வக்கீல் ஜானகிநாத் போஸின் புதல்வராய்த் தோன்றினார். ஐ.ஸி.எஸ். பரீட்சையில் நான்காமவராகத் தேறியும் 1921ல் அவ்வுத்தியோகத்தை உதறினார். இருமுறை காங்கிரஸ் அக்கிராசனராகத் தேர்வுற்றதும், 1939ல் அப்பதவி துறந்ததும் தேசத் தொண்டர் யாவரும் அறிந்தவை. 1941 ஜனவரியில் கல்கத்தா வீட்டுக் காவலினின்று மாறுவேடத்தில் மறைந்து, காபூல் மார்க்கமாகப் பெர்லின் சேர்ந்தார்.

சுதந்திர இந்தியாவுக்கான தபால் தலைகள் 1943ல் அந்நகரின் சர்க்கார் அச்சகத்தில் அச்சேறின. அரையணா முதல் ஒரு ரூபாய் வரை அவற்றின் மதிப்பு. ஏருழும் குடியானவன், இராட்டை சுற்றும் மாது, காயமுற்ற சிப்பாயைப் பேணும் தாதி, பாரத தேசப் படத்தின்மேல் அறுந்த சங்கிலி ஆகியவை சித்திரங்கள். தீட்டியவர்கள் ஜெர்மானியர், சீக்கிய வீரன் பிடித்திருப்பதும் ஜெர்மன் யந்திரத் துப்பாக்கியே. காந்தியடிகளின் இராட்டையும் ஹிட்லரின் துப்பாக்கியும் ஒரே வரிசையில்! பிறர் சுதந்திரத்தைப் பறித்தவர்களிடம் நம் சுதந்திரத்துக்கு உதவி தேடிய சுபாஷ் பாபுவின் சங்கடம் இதைவிடத் தெளிவாக எங்கும் பதியவில்லை.

1943ல் நீர்மூழ்கிக் கப்பலில் கிழக்கே புறப்பட்ட அவர், அக்டோபர் 21ந் தேதி சிங்கப்பூரில் ஆஜாத் ஹிந்த் சர்க்காரைப் பிரகடனம் செய்தார். 1944 ஏப்ரலில் ரங்கூனில் ஆஜாத் ஹிந்த் பாங்கி ஸ்தாபிதமாயிற்று. பர்மாவிலும் மலாயாவிலும் அப்போது செலாவணியாக இருந்தவை ஜப்பானியர் அச்சடித்துக் குவித்த யுத்த நோட்டுகள். அவையே இந்திய எல்லைக்குள்ளும் நுழையுமாயின் சுதந்திர சர்க்கார் வெறும் பெயரளவாகிவிடுமன்றோ?

பொக்கிஷத்தை நிரப்பியோரில் தமிழர் பங்கு பெரிது. திருவண்ணாமலை அடங்கிய வட ஆற்காடு ஜில்லாவினின்றும், தஞ்சை, திருச்சி ஜில்லாக்களினின்றும் மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்குக் கூலியாகச் சென்ற ஏழைகள் கையிலிருந்ததை ஈந்தனர். பெண்மக்கள் நகைகளைக் கழற்றினர். தயங்கிய தனவந்தரைச் சுபாஷ் பாபு மிரட்டியதும் உண்டு. அதை மறைப்பது நியாயமன்று. ஆயினும் பணத்துக்காக அவர் கொள்கையை விற்றவரல்லர். சிங்கப்பூர்ச் செட்டியார் கோயிலார் அழைத்தபோது, சகல ஜாதி மதத்தாரையும் அனுமதித்தாலன்றி வரமாட்டேனென்று மறுத்தார். அவர்கள் இணங்கியபின், முஸ்லிம் அதிகாரிகளும் உடன்வர உள்ளே சென்றார். மதுரை மீனாட்சி ஆலயம் ஹரிஜனங்களுக்குத் திறந்து நாலைந்து வருஷங்களே ஆகியிருந்த காலம் அது.

இம்பால் படையெடுப்பு 1944ல் முறிந்தது. மறு வருஷம் ரங்கூன் வீழ்ந்தது. பாங்கியும் ஆங்கிலேயர் வசமாயிற்று. ஜப்பானிய நோட்டுகளைச் சேர்த்து வைத்திருந்த தொழிலாளிகளுக்கு அவை வெறுங் காகிதமாயின. 1945 ஆகஸ்டு 18ந் தேதி பார்மோசாவின் தைஹோக்குவில் நேர்ந்த விமான விபத்தில் அவர் மாண்டதாக 1956ல் விசாரணைக் கமிட்டி முடிவு கூறியது. அதை ஏற்காதாரும் பலர்.

பெர்லின் தலைகள் தபாலுக்கு வெளியாகவேயில்லை. சுதந்திர இந்தியாவின் முதல் தபால் தலை 1947 நவம்பர் 21ந் தேதி வெளிவந்தது. விலை 3½ அணா. அதில் தேசக் கொடியும், அதனருகே சுபாஷ் பாபுவின் சேனையார் ஒருவருக்கொருவர் சொல்லிய ஜய் ஹிந்த் என்னும் முகமனும் இருந்தன.