காசில் பொறித்த பெயர்

பிரான்சு நாட்டை 1285 முதல் 1314 வரை ஆண்ட நான்காம் பிலிப், தோற்றப் பொலிவால் அழகன் என்று பெயர் பெற்றவன். அவன் ஆட்சியின் ஏற்றத்தையும் இழிவையும் ஒருசேர உணர்த்துவது அவன் அச்சிட்ட காசு.

1268இல் பிறந்த பிலிப், தன் பாட்டனார் ஒன்பதாம் லூயியின் புகழ் நிழலில் வளர்ந்தான். அக்காலத்தில் பிரபுக்கள் பலர் தத்தம் பெயரில் காசு அடித்தனர். அவர்தம் காசு அவரவர் நிலத்துள் மட்டுமே செல்லும். அரசன் காசோ நாடெங்கும் செல்லும் என விதித்தவர் லூயி. 1266இல் அவர் வெளியிட்ட பெருவெள்ளிக் காசு நான்கு கிராமுக்குச் சற்று மிகுந்த எடையும் உயர்ந்த மாற்றும் உடையது. ஒரு புறம் சிலுவையும், அதனைச் சூழ அரசன் பெயரும், இறைவன் திருநாமத்தைப் போற்றும் தொடரும் இருந்தன. மறுபுறம் துர் நகரின் கோட்டை வடிவம். எழுத்தறியாக் குடியானவனின் கையிலும் அரசாணையைக் கொண்டு சேர்த்தது அக்காசு.

பதினேழு வயதில் அரியணை ஏறிய பிலிப்புக்கு இங்கிலாந்தோடும் பிளாண்டர்சோடும் போர்கள் மூண்டன. வரிப்பணம் போதவில்லை. 1295 முதல் அவன் காசில் வெள்ளியைக் குறைத்தான். அதன் கணக்கு மதிப்பை உயர்த்தினான். காசின்மீது மன்னன் பெயர் முன்போலவே துலங்கியது. உள்ளிருந்த வெள்ளி தேய்ந்தது. 1298-99ஆம் ஆண்டில் அரசு வருவாயில் பாதிக்கு மேல் அக்கசாலைகளே ஈட்டித் தந்தன. நிலையான குத்தகையை நம்பிய மடங்களும் நிலக்கிழாரும் நலிந்தனர். 1297இல் லூயி புனிதராக அறிவிக்கப்பட்டபின், அப்புனிதர் காலத்து நல்ல காசே வேண்டும் என்பது குடிகளின் முறையீடாயிற்று.

1306இல் பிலிப் அதற்கு இணங்கினான். ஆனால், நல்ல காசு திரும்பியதும், மெலிந்த காசில் ஒப்புக்கொண்ட வாடகை மூன்று மடங்கு கனத்தது. ஆண்டின் இறுதியில் பாரிசு நகரத்து எளியோர் கிளர்ந்தெழுந்தனர். தெம்பிளார் எனும் துறவு வீரர்களின் கோட்டையில் மன்னன் அடைபட்டான். உணவு செல்லும் வழியும் மறிக்கப்பட்டது. கிளர்ச்சித் தலைவர்கள் தூக்கிலிடப்பட்டனர். தனக்குப் புகலிடம் தந்த அத்துறவு வீரர்களையே 1307 அக்டோபர் 13இல் பிலிப் சிறைப்பிடித்தான். 1311இல் மீண்டும் காசை மெலிவித்தான்.

வேட்டைக்குச் சென்ற இடத்தில் நோயுற்று, 1314 நவம்பர் 29இல் மறைந்தான். சட்டம் வல்லாரைக் கொண்டு அரசியலைச் செப்பம் செய்தவன். போப்பாண்டவரையே எதிர்த்து நின்றவன். எனினும், இத்தாலியப் பெருங்கவிஞர் தாந்தே, தம் காவியத்தின் சொர்க்கப் பகுதியில், 19ஆம் காண்டத்தில், கள்ளக்காசால் சேன் ஆற்றங்கரைக்குத் துயர் விளைத்தவன் என்றே அவனைக் குறித்தார். எண்ணற்ற காசுகளில் தன் பெயரைப் பொறித்த மன்னனுக்கு, அக்காவியத்தில் பெயர் இல்லை.