ஒளி தந்தவர் வறுமையில் வாடினார்!

அந்நாளில் எண்ணெய் விளக்கு என்றாலே புகைதான். சுவரில் கரி படியும், கண் எரியும். இந்தத் தொல்லையைத் தீர்த்தவர் எய்மே ஆர்கண்ட்.

1750-ல் ஜெனீவா நகரில் பிறந்தார். தந்தை கடிகாரம் செய்பவர்.

போதிய காற்று கிடைக்காததால்தான் எண்ணெய் முழுதும் எரியாமல் புகைகிறது என்று ஆர்கண்ட் கண்டார். திரியைக் குழாய் போல் வட்டமாக அமைத்தார். உள்ளும் புறமும் காற்று புகுந்தது. சுடரைச் சுற்றிக் கண்ணாடிக் குழாய் வைத்தார். காற்று மேல்நோக்கி இழுக்கப்பட்டது. புகை அடங்கியது. ஒரே விளக்கு ஆறு மெழுகுவர்த்திகளுக்குக் குறையாமல் ஒளி வீசியது!

1784-ல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். ஆனால், பிறரும் அதேபோல் செய்து விற்றனர். வழக்கு நடந்தது. 1786-ல் உரிமை பறிபோனது. பிரான்சிலோ அந்த விளக்குக்கு கென்கே என்ற வேறொருவரின் பெயரே நிலைத்தது.

1803-ல் ஆர்கண்ட் வறுமையில் இறந்தார். பிற்காலத்தில் வீடுகளில் எரிந்த சிம்னி விளக்குகளுக்கு அவரே வழிகாட்டி.