சீன வேடம் உண்டு, சீனப் பெண்ணுக்கு இடமில்லை: நடிகை அன்னா மே வாங் வரலாறு

ஹாலிவுட் படங்களில் சீனப் பெண் என்றால் ஒரு காலத்தில் முதலில் நினைவுக்கு வந்த பெயர் அன்னா மே வாங். அமெரிக்கப் படவுலகில் பெரும் புகழ் பெற்ற முதல் சீன வம்சாவளி நடிகை அவர்தான். ஊமைப் படக் காலத்தில் தொடங்கி டெலிவிஷன் காலம் வரை நடித்தார். ஆனால், சீனக் குடும்பத்தைப் பற்றிய பெரிய படம் ஒன்றை ஹாலிவுட் எடுத்தபோது, கதாநாயகி வேடம் அவருக்குக் கிடைக்கவில்லை. ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு வெள்ளைக்கார நடிகைக்கே அது போயிற்று.

சலவைக் கடைக்காரர் மகள்

அன்னா மே வாங் 1905-ம் ஆண்டு ஜனவரி 3-ந் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் வாங் லியூ ட்சோங். தந்தை சலவைக் கடை நடத்தி வந்தார். தந்தை, தாய் இருவருமே அமெரிக்காவில் பிறந்தவர்கள். ஆனாலும் பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் அவரை அன்னியராகவே பார்த்துக் கேலி செய்தனர்.

வெளுத்த துணிகளை வீடுகளில் கொண்டுபோய்க் கொடுக்கும்போது கிடைத்த சில்லறையில் சிறுமி சினிமா பார்த்தாள். படப்பிடிப்பு நடக்கும் இடங்களிலேயே சுற்றி வந்தாள். தந்தைக்கு இது பிடிக்கவில்லை. நடிப்பு கௌரவமான பெண்களுக்கு ஏற்றதல்ல என்பது அக்காலச் சீனக் குடும்பங்களின் எண்ணம். எதிர்ப்பையும் மீறி, 1919-ம் ஆண்டு கூட்டத்தில் ஒருத்தியாக முதன்முதலில் திரையில் தோன்றினார்.

சாவதற்கென்றே ஒரு வேடம்

1922-ல் 'தி டோல் ஆப் தி ஸீ' படத்தில் கதாநாயகியானார். அப்போது அவருக்கு வயது 17. ஆரம்பகாலக் கலர் படங்களில் இதுவும் ஒன்று. அமெரிக்கக் காதலனால் கைவிடப்பட்டு, பெற்ற குழந்தையையும் கொடுத்துவிட்டுக் கடலில் உயிரை விடும் சீனப் பெண்ணாக நடித்தார். கைவிட்ட ஆண், வெள்ளைக்கார மனைவியுடன் சௌக்கியமாக வாழ்கிறான்.

அதன் பிறகு கிடைத்தவையும் இதே மாதிரி வேடங்கள்தாம். ஒன்று, ஏமாந்து சாகும் அபலை. இல்லையேல் சூழ்ச்சி செய்யும் பாதகி. மனம் சலித்த அவர் 1928-ல் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினார். பெர்லினிலும் லண்டனிலும் ரசிகர்கள் கொண்டாடினர். 1930-ல் ஒரே கதையை ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு ஆகிய மூன்று மொழிகளில் எடுத்தபோது மூன்றிலும் சொந்தக் குரலிலேயே பேசி நடித்தார்.

இவ்வளவு புகழ் இருந்தும் பிறந்த ஊருக்குத் திரும்புவது சுலபமாக இல்லை. 1882-ம் ஆண்டின் சீனர் விலக்குச் சட்டம் அமலில் இருந்த காலம் அது. அமெரிக்காவில் பிறந்த சீன வம்சத்தவரும் வெளிநாடு போவதென்றால், மீண்டும் உள்ளே வருவதற்காக முன்கூட்டியே மனுக் கொடுத்து அத்தாட்சி பெற வேண்டியிருந்தது.

சம்பளக் கணக்கு

1931-ல் வெளியான 'டாட்டர் ஆப் தி டிராகன்' படத்தில் சீன வில்லனின் மகள் வேடம். படத்தின் பெயரே அந்த மகளைக் குறிப்பதுதான். அவருக்குக் கொடுத்த சம்பளம் 6,000 டாலர். ஜப்பானிய நடிகர் ஸெஸ்ஸூ ஹயகாவாவுக்கு 10,000 டாலர். சீன வில்லனாகச் சிறிது நேரமே வந்துபோன ஸ்வீடன்காரர் வார்னர் ஓலண்டுக்கு 12,000 டாலர். ஆசியர் என்றால் ஒரு படி குறைவு. ஆசியப் பெண் என்றால் இன்னும் ஒரு படி குறைவு.

1932-ல் வந்த 'ஷாங்காய் எக்ஸ்பிரஸ்' படத்தில் மார்லின் டீட்ரிச்சுக்கு 78,166 டாலர். உடன் நடித்த அன்னா மே வாங்குக்கு மீண்டும் 6,000 டாலர்தான்.

கை நழுவிய வேடம்

பெர்ல் பக் எழுதிய 'தி குட் எர்த்' நாவலை எம்.ஜி.எம். ஸ்டூடியோ படமாக்கியது. உழைத்து உருக்குலையும் சீனக் குடியானவப் பெண் ஓ-லான்தான் கதாநாயகி. அந்த வேடத்துக்காக அன்னா மே வாங் ஏங்கினார். ஆனால் கதாநாயகனாக வெள்ளைக்காரர் பால் முனி தேர்ந்தெடுக்கப்பட்டார்.

வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையே உறவைக் காட்டக் கூடாது என்று அக்காலத் தணிக்கை விதியில் எழுதியிருந்தது. பட முதலாளிகள் அதை ஆசியருக்கும் சேர்த்தே கடைப்பிடித்தனர். வெள்ளைக்காரர் சீனராக வேடம் போடலாம். அந்த வேடதாரிக்கு மனைவியாக உண்மையான சீனப் பெண் நடிக்கலாகாது!

குடும்பத்தைக் கலைக்கும் இரண்டாம் தாரம் லோட்டஸ் வேடத்தைத்தான் ஸ்டூடியோ அவருக்கு யோசித்தது. அந்தப் பொல்லாத வேடத்தை அவர் விரும்பவில்லை. 1937-ல் படம் வெளிவந்தது. ஓ-லானாக நடித்த லூயிஸ் ரெய்னருக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது.

இரு கரையிலும் குற்றம்

1936-ல் அவர் முதல்முறையாகச் சீனாவுக்குப் போனார். சீன இனத்தையே கேவலப்படுத்தும் வேடங்களில் நடிக்கிறார் என்று அங்கே அவரைக் குறை கூறினர். கதையை எழுதியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பணம் போட்டவர்களும் ஆண்கள். பழி நடிகையின் தலையில் விழுந்தது. திருமண விஷயமும் இப்படித்தான். வெள்ளையரை மணக்கக் கலிபோர்னியா சட்டம் 1948 வரை தடை விதித்தது. சீனக் குடும்பங்களோ நடிகையை மருமகளாக ஏற்கத் தயங்கின. கடைசி வரை அவர் மணம் புரியவில்லை.

ஆயினும் சீனாவை ஜப்பான் தாக்கியபோது, அகதிகளுக்காகத் தம் உடைகளை ஏலம் விட்டார். 1942-ல் நடித்த இரு படங்களின் சம்பளத்தையும் சீன நிவாரண நிதிக்கே கொடுத்தார். ஆனால் மறு ஆண்டு சியாங் கை-ஷேக்கின் மனைவி ஹாலிவுட் வந்தபோது, வரவேற்பு மேடைக்கு இவருக்கு அழைப்பு இல்லை.

1951-ல் டெலிவிஷன் தொடர் ஒன்றில் துப்பறியும் பெண்ணாக நடித்தார். அமெரிக்க டெலிவிஷனில் ஆசிய வம்சத்தவர் ஒருவர் தலைமை வேடம் ஏற்றது அதுவே முதல் தடவை. 1961 பிப்ரவரி 3-ந் தேதி, 56-வது வயதில், மாரடைப்பால் காலமானார்.

2022-ம் ஆண்டில் அமெரிக்க அரசு தன் கால் டாலர் நாணயம் ஒன்றில் அவர் முகத்தைப் பொறித்தது. அமெரிக்க நாணயத்தில் இடம்பெற்ற முதல் ஆசிய வம்சாவளியினர் அவரே. ஆசிய வம்சத்து நடிகை ஒருவர் சிறந்த கதாநாயகிக்கான ஆஸ்காரை ஏந்த, அதற்கும் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2023-ல் அதைப் பெற்றவர், மலேசியாவில் பிறந்த மிஷல் யோ.