மூச்சின் கணக்கைக் கண்டுபிடித்த ஹால்டேன்

இரவில் வீட்டுப் பெரியவர்கள் தூங்கும்போது அவர்களுடைய மூச்சைக் கவனித்திருக்கிறீர்களா? சிலருக்கு மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகும், அதே போலச் சிறுத்துக்கொண்டே வரும், ஒரு கட்டத்தில் நின்றே விடும். பக்கத்தில் இருப்பவருக்குத் திக்கென்று இருக்கும். சில விநாடிகள் கழித்து மறுபடி ஆரம்பிக்கும். டப்ளின் நகர மருத்துவர்கள் ஜான் செய்ன் 1818-லும் வில்லியம் ஸ்டோக்ஸ் 1854-லும் இதை எழுதி வைத்ததால் இதற்குச் செய்ன்-ஸ்டோக்ஸ் மூச்சு என்று பெயர். ஆனால் இது ஏன் வருகிறது என்று சோதனை செய்து காட்டியவர் ஜான் ஸ்காட் ஹால்டேன்.

1860 மே மாதம் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பிறந்தார். 1884-ல் அங்கேயே மருத்துவப் பட்டம் பெற்றார். மருத்துவமனை வைத்து உட்கார்ந்திருந்தால் சௌகரியமாக வாழ்ந்திருக்கலாம். அவரோ கெட்ட காற்று எங்கே இருக்கிறது என்று தேடித் தேடிப் போனார். டண்டீ நகரத்து ஏழைகளின் நெரிசலான வீடுகள், சாக்கடைகள், நிலக்கரிச் சுரங்கங்கள் என்று எதையும் விடவில்லை. சுரங்க வெடிவிபத்துகளில் பெரும்பாலோர் வெடியால் சாகவில்லை, அதன்பின் பரவும் கார்பன் மோனாக்சைடால்தான் சாகிறார்கள் என்று 1896-ல் அறிக்கை கொடுத்தார். அந்த வாயுவை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கச் சுண்டெலியையோ சிறு பறவையையோ கொண்டு போகலாம் என்ற யோசனையும் அவருடையதே.

சோதனைக்கு அவர் முதலில் தேர்ந்தெடுத்தது தன்னைத்தான். காற்று புகாத பெட்டிக்குள் தன்னை அடைத்துக்கொண்டு, தன் மூச்சையே திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பார். மகனையும் விட்டு வைக்கவில்லை. சிறுவனாக இருந்த அவனைச் சுரங்கத்துக்கு அழைத்துப்போய், வாயு தேங்கிய இடத்தில் நிற்க வைத்து ஷேக்ஸ்பியர் நாடக வசனம் ஒன்றை ஒப்பிக்கச் சொன்னார். பையன் மூச்சிரைத்து விழுந்தான். தரையில் நல்ல காற்று இருந்ததால் தெளிந்து எழுந்தான். இன்று எந்தத் தாயும் இதற்குச் சம்மதிக்க மாட்டாள்!

1905-ல் பிரீஸ்ட்லி என்ற இளைஞரோடு சேர்ந்து ஹால்டேன் வெளியிட்ட முடிவுதான் அவருடைய பெரிய சாதனை. ஆக்சிஜன் குறைவதால்தான் மூச்சு விடுகிறோம் என்று நீங்கள் நினைக்கலாம். சாதாரண நிலையில் அப்படி இல்லை. நம் மூச்சை நடத்துவது கார்பன் டை ஆக்சைடு. நுரையீரலின் உள்ளே அது 0.2 சதவீதம் கூடினாலே உள்ளே போகும் காற்றின் அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆக்சிஜன் குறைவது மூளைக்கு உறைப்பதோ வெகு தாமதமாகத்தான்.

1909-ல் டக்ளஸ் என்பவரோடு அடுத்த சோதனை. இரண்டு நிமிடம் வேகமாக ஆழ்ந்து மூச்சு விட்டுவிட்டு நிறுத்தினால், கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிட்டதால் மூச்சு விட வேண்டும் என்றே தோன்றாது. அதற்குள் ஆக்சிஜன் தீர்ந்துகொண்டே வரும். அது மிகவும் குறைந்த பிறகு நாலைந்து மூச்சு வரும், நிற்கும், மறுபடி வரும். அசல் செய்ன்-ஸ்டோக்ஸ் மூச்சு, அதுவும் ஆரோக்கியமான மனிதரிடம்! ஆக்சிஜன் கொடுத்தால் அந்த ஏற்ற இறக்கம் மறைந்தது. 1911-ல் அமெரிக்காவில் 14,000 அடிக்கு மேல் உயரமுள்ள பைக்ஸ் பீக் சிகரத்தில் ஐந்து வாரம் தங்கியபோது, காற்று மெலிந்த அந்த இடத்திலும் குழுவினரிடம் இதே தாளத்தைக் கண்டார்கள்.

இதய நோயாளிக்கு ஏன் வருகிறது? நம் சோலார் ஹீட்டர் ஷவரை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயைத் திருப்பினால் சுடுநீர் மாடியிலிருந்து வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆகும். பொறுக்காமல் இன்னும் திருப்புவீர்கள். திடீரென்று கொதிக்கும். பதறி மூடுவீர்கள், பிறகு ஜில்லென்று வரும். பலவீனமான இதயம் ரத்தத்தை மெதுவாகத் தள்ளுவதால் நுரையீரலின் செய்தி மூளைக்குத் தாமதமாகப் போகிறது. மூளை பழைய செய்தியை வைத்து அளவுக்கு மீறி மூச்சை இழுக்கிறது, பிறகு அளவுக்கு மீறி நிறுத்துகிறது. உங்கள் வீட்டில் இப்படி யாராவது தூங்கினால், செல்போனில் ஒரு வீடியோ எடுத்து இதய மருத்துவரிடம் காட்டுங்கள். வெறும் குறட்டை என்று விட்டுவிட வேண்டாம்.

நீச்சல் குளத்தில் பிள்ளைகள் போட்டி போட்டு மூச்சடக்குவதையும் பார்த்திருப்பீர்கள். வேகவேகமாக மூச்சு விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் போனால் அதிக நேரம் இருக்க முடிவது உண்மைதான். ஆனால் உள்ளே அபாய மணி அடிக்காது. மூச்சு முட்டுவதற்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்து, சத்தமில்லாமல் மயங்கி விடுவார்கள். பெற்றோர்கள் இதைத் தயவுசெய்து இன்றே சொல்லி வையுங்கள்.

1915-ல் ஜெர்மானியர் போர்க்களத்தில் நச்சு வாயுவை விட்டபோது, அரசு ஹால்டேனைத்தான் பிரான்சுக்கு அனுப்பியது. முகமூடி தயாரிப்பிலும் அவருக்குப் பங்கு உண்டு. எழுபது வயதைக் கடந்த பிறகும் எண்ணெய்த் தொழிலாளர்களுக்கு வரும் வெப்ப நோயை ஆராயப் பாரசீகம் போய் வந்தார். ஊர் திரும்பியதும் நிமோனியா கண்டு, 1936 மார்ச்சில் ஆக்ஸ்ஃபோர்டில் காலமானார்.

சுரங்கத்தில் மயங்கி விழுந்த அந்த மகன்தான் பிற்காலத்தில் பெரிய மரபியல் விஞ்ஞானியான ஜே. பி. எஸ். ஹால்டேன். அவர் 1957-ல் கல்கத்தாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964-ல் புவனேஸ்வரில் மறைந்தார்.